ஒற்றைக் கோடாகத் தெரியும் சுவர்

லேசர் ஸ்கேனர் தரும் புள்ளித்திரளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதன் அடர்த்தியைத்தான் வியக்கிறார்கள். கல்லின் சொரசொரப்பு வரை தெரிகிறதே என்பார்கள். அது கருவியின் பெருமை. ஆளின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால், திரளைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் படுக்கைவாட்டில் மெல்லியதாக அறுத்து, மேலிருந்து பார்க்க வேண்டும். சுவர் ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் வேலை சுத்தம். இரட்டைக் கோடு விழுந்திருந்தால் எத்தனை கோடிப் புள்ளிகள் இருந்தும் வீண்.

ஸ்கேனர், தான் நின்ற இடத்திலிருந்து தெரிவதை மட்டுமே அளக்கும். தூணுக்குப் பின்னால் இருப்பது அதற்கு எட்டாது. எனவே இடம் மாற்றி மாற்றி நிறுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் அது தன்னையே உலகின் மையமாக வைத்துக்கொண்டு எண்களைத் தருகிறது. கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010-இல் பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தை 50-க்கும் மேற்பட்ட இடங்களில் நின்று, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளாகப் பதிவு செய்தார். அத்தனை மையங்களையும் ஒன்றாக்கினால்தான் அது பேராலயம்; பிசகினால் சுவர் இரட்டைக் கோடு.

இரண்டு ஸ்கேன்களைச் சேர்க்க ஆறு எண்கள் போதும்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. இரண்டிலும் தெரியும்படி நாம் வைக்கும் மூன்று குறிகள் அவற்றைத் தந்துவிடும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் மட்டும் கதை கெட்டது. கிணற்று ராட்டினம் அச்சில் சுழல்வதுபோல, ஒரு ஸ்கேன் அந்தக் கோட்டைச் சுற்றி எந்தக் கோணத்திலும் நின்றுகொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதற்கு அடுத்தது. எந்தக் குறி எது என்பதை மென்பொருள் பெரும்பாலும் குறிகளுக்கு இடையிலான தூரங்களை ஒப்பிட்டே கண்டுபிடிக்கிறது. அழகாக, சமபக்க முக்கோணமாக வைத்தால் அது திகைத்துப்போகும். மூன்று தூரமும் ஒன்றுதானே! ஒன்று தரையில், ஒன்று படிக்கட்டில், ஒன்று எட்டத்து ஜன்னல் திட்டில் என்று கோணல்மாணலாக வைப்பவரே தேர்ந்தவர். பார்வைக்கு ஒழுங்கீனம்; கணக்குக்கு அதுதான் ஒழுங்கு.

குறிகளில் என் ஓட்டு வெள்ளைக் கோளத்துக்கு. கறுப்பு வெள்ளைக் கட்ட அட்டையும் நல்லதுதான். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் அதன் மையம் நம்பகம் இழக்கும். கோளத்துக்கு முன்புறமும் இல்லை, பக்கவாட்டும் இல்லை. வடக்கே நின்ற ஸ்கேனர் வடபாதியையும், தெற்கே நின்றது தென்பாதியையும் பார்க்கும். இரண்டும் ஒரு புள்ளியைக்கூடப் பொதுவில் தொட்டிருக்காது. ஆனாலும் கணக்கில் கிடைக்கும் மையம் ஒன்றே. யாரும் தொடாத, லேசரும் தொடாத ஓர் இடத்தை நம்பி முழுக் கட்டடமும் நிற்கிறது! ஆனால் தூரம் இரக்கமற்றது. 10 மீட்டரில் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளி விழுந்தால், 145 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளத்தில் சுமார் 450 புள்ளிகள் படும். 20 மீட்டரில் கால்பங்குதான்.

குறியே வேண்டாம், மேற்பரப்புகளை வைத்தே மென்பொருள் சேர்த்துவிடும் என்பவர்கள் உண்டு. அதற்கு ஆய்வாளர்கள் பெஸ்லும் மெக்கேயும் 1992-இல் எழுதிய அருகமைப் புள்ளி முறை அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் கோதிக் கூடத்தில், அது ஒரு தூண் தள்ளிப் பொருத்திவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். ஒரு படிக்கட்டில் கிடக்கும் கோளம் அந்த மயக்கத்தைத் தெளியவைக்கும்.

ரீகேப், சீன், சைக்லோன் என எந்த மென்பொருளானாலும் கடைசியில் பிழை அறிக்கை ஒன்று தரும். அந்தச் சின்ன எண்ணில் மயங்குபவர்களை நான் நம்புவதில்லை. இரண்டு மீட்டருக்குள் நெருக்கமாக வைத்த குறிகளில் 2 மில்லிமீட்டர் பிசகினால், 40 மீட்டர் தள்ளி அது 40 மில்லிமீட்டர் ஆகும். அறிக்கையோ 2 என்றே சொல்லும். குறிகள் கட்டடத்தை அணைத்து நிற்க வேண்டும், மூலையில் கூடிப் பேசக் கூடாது. நான்காவது குறி ஆடம்பரம் என்பார்கள். யாரோ காலால் இடறிய குறி ஒன்றை விலக்கிவிட்டும் வேலை நடக்க வேண்டுமே!

டாலன் 2018-இல் காலமானார். 2019 ஏப்ரல் 15-இல் நோத்ர தாமின் கூரை எரிந்தது. அதன்பின் எடுத்த ஸ்கேன்களைப் பழையவற்றோடு ஒப்பிடும் வேலை வந்தபோது இந்தக் கலையின் கடினமான கேள்வியும் வந்தது. ஒரு நாள் வேலைக்கு வைத்து எடுக்கும் கோளம் ஒன்பது ஆண்டு இடைவெளிக்கு உதவாது. கட்டடத்தின் கல்லே குறியாக வேண்டும். நகராத கல்லைத்தான் குறியாகக் கொள்ள முடியும். எந்தக் கல் நகர்ந்தது, எது நகரவில்லை என்று அறியத்தான் அந்த ஸ்கேனே எடுக்கப்படுகிறது.