பேசினது யார், எழுதினது யார்?

சோஜர்னர் ட்ரூத் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அநேகமாக ஒரே ஒரு வரியால்தான் இருக்கும். நானும் ஒரு பெண்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்கிற அந்த 1851 பேச்சு. டி-ஷர்ட்டில்கூடப் போட்டுவிட்டார்கள். அந்த வரியை அவர் சொல்லவே இல்லை என்கிறார், கறுப்பினச் சரித்திரப் பேராசிரியர் நெல் இர்வின் பெயின்டர். 1996-ல் வந்த அவருடைய ‘சோஜர்னர் ட்ரூத்: எ லைஃப், எ சிம்பல்’ சில இடங்களில் துப்பறியும் கதை மாதிரியே போகிறது.

சாட்சியங்களைப் பாருங்கள். ஒஹாயோ மாநிலத்து ஆக்ரனில் ட்ரூத் பேசிய சில வாரங்களிலேயே மேரியஸ் ராபின்சன் அதைப் பத்திரிகையில் போட்டுவிட்டார். அதில் அந்தக் கேள்வி இல்லை. 12 வருஷம் கழித்து, 1863-ல், கூட்டத்துக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் எழுதியதில்தான் வருகிறது. கூடவே தென்மாநிலக் கொச்சையும் 13 குழந்தைகளும்! ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் டச்சு பேசி வளர்ந்தவர். 1850-ல் வந்த அவருடைய வாழ்க்கைக் கதைப்படி குழந்தைகள் ஐந்து.

கேஜ் எதிரி இல்லை. அடிமை முறையை எதிர்த்தவர். அங்கேதான் உறுத்துகிறது. நல்லெண்ணத்தாலும் ஒருவர் குரலைப் பறித்துவிடலாம்.

அசல் ட்ரூத் எப்படி? அடிமையாகப் பிறந்து, விடுதலையாகி, 1843-ல் தனக்குத் தானே புதுப்பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யக் கிளம்பியவர். எழுதப் படிக்கத் தெரியாது. பெரியவர்களை பைபிள் வாசிக்கச் சொன்னால் விளக்கவுரையை ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் குழந்தைகளை வாசிக்கச் சொல்வாராம். வசனம் போதும், அர்த்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்! ராபின்சன் தரும் பேச்சில் இந்த மூளை பளிச்சென்று தெரிகிறது. கிறிஸ்துவின் பிறப்பில் கடவுளுக்கும் ஒரு பெண்ணுக்கும்தான் பங்கு, ஆண்களே உங்களுக்கென்ன வேலை என்று மடக்குகிறார்.

ட்ரூத் தன் போட்டோக்களை விற்றுப் பிழைத்ததைப் பெயின்டர் அலசுவது அபாரம். கண்ணாடியும் பின்னல் வேலையுமாக, தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். பிறர் எழுதிய வார்த்தைகளுக்கு இது அவர் பதில். ஆனால் போட்டோ பேசாதே! அந்தப் பிரசங்கச் சாமர்த்தியத்துக்கு இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் குறை.

இத்தனைக்குப் பிறகும் ஜனங்கள் அந்த வரியை விடமாட்டார்கள். இது பெயின்டருக்கும் தெரியும். அடுத்த தடவை யாராவது மேடையில் அதைச் சொன்னால் தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்ததும், எழுதினது யார் என்று மட்டும் கேளுங்கள்.