துள்ளல் ஓசையும் துயரப் பொருளும்: ஸ்கா பங்க் இசையின் மறுமலர்ச்சி

மேனாட்டு இளைஞர் இசை என்றாலே வெற்றிரைச்சல் என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்விரைச்சலுள்ளும் ‘பங்க்’ இசையே கடையாயது என்பது அவர்தம் எண்ணம். அந்தப் பங்க் இசையிலும் துள்ளிக் குதிக்கும் நடையுடைய ‘ஸ்கா பங்க்’ என்னும் வகையோ, மேனாட்டாராலேயே நெடுங்காலம் எள்ளி நகையாடப்பட்டு வந்தது. 2021ஆம் ஆண்டில் ஆரன் கார்ன்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இவ்விசையைப் பற்றி நூலொன்று எழுதினார். ‘ஸ்காவின் சார்பில் ஒரு வழக்குரை’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். வழக்குரைஞர் வேண்டியிருக்கிறது என்றால் குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது என்பதுதானே பொருள்!

அக்குற்றச்சாட்டு யாது? ‘மகிழ்ச்சியாக ஒலிக்கிறது; ஆகவே ஆழமற்றது’ என்பதே அது. இன்று இவ்விசைக்கு மீண்டும் ஆர்வலர் பெருகி வருகின்றனர். இந்நிலையில் நாம் ஆராய வேண்டியவை இரண்டு. ஒன்று, அக்குற்றச்சாட்டு பொருந்துமா என்பது. மற்றொன்று, இதனை மீட்க முனைவோர் எதனை மீட்கின்றனர் என்பது.

ஓசையின் இயல்பு

முதற்கண் ஸ்காவின் ஓசையை அறிதல் வேண்டும். நான்கெண்ணித் தாளம் போடும்போது ‘ஒன்றும், இரண்டும், மூன்றும், நான்கும்’ என்று எண்ணிப் பாருங்கள். எண் விழும் இடத்தில் கை தட்டும். ‘உம்’ விழும் இடத்தில் கை மேலே இருக்கும். கை மேலே இருக்கும் அந்த நொடியில்தான் ஸ்காவின் கித்தார் வெட்டி ஒலிக்கும். கால் தரையில் படும். கித்தார் அதனைத் தூக்கிவிடும். கேட்பவரை ஆடவைக்கும் சூழ்ச்சி இவ்வளவே.

தாளத்தின் சமத்தில் தொடங்காது சற்றுத் தள்ளித் தொடங்கும் அனாகத எடுப்பு நம் இசையிலும் உண்டு. ஆனால் அங்கே தள்ளி நிற்பது பாட்டின் தொடக்கம். இங்கேயோ ஒவ்வோர் எண்ணிக்கையிலும் கித்தார் தள்ளியே நிற்கும். இதனை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

இனி, துள்ளுவதெல்லாம் ஆழமற்றது என்பாரை நோக்கி ஒரு சொல். யாப்பிலக்கணம் பயிற்றும் நமக்கு, கலிப்பாவுக்கு உரிய ஓசை துள்ளல் என்பது தெரியாததன்று. அத்துள்ளல் ஓசை பயிலும் கலித்தொகையில்தான் பாலைக்கலி பிரிவைப் பேசுகிறது. நெய்தற்கலி இரங்கலைப் பேசுகிறது. துள்ளுகிறது என்பதற்காக நாம் கலித்தொகையைத் தள்ளியதுண்டா? ஓசைக்கும் பொருளுக்கும் இடையே ஓர் இழுபறி இருக்கும்போது பாட்டு வலிவு பெறுவதும் உண்டு. ஸ்காவின் நல்ல பாடல்களிற் காண்பது இவ்விழுபறியையே.

ஒரு பள்ளி ஈன்ற இசை

ஸ்கா பிறந்த இடம் ஜமேக்காத் தீவு. காலம் 1950ஆம் ஆண்டுகளின் இறுதி. அத்தீவின் ‘மெண்டோ’ என்னும் நாட்டுப்புற இசையும், அமெரிக்கக் கறுப்பர்தம் ‘ரிதம் அண்டு புளூஸ்’, ‘ஜாஸ்’ ஆகியவையும் கலந்து இது உருவாயிற்று. பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்தி இசைத்தட்டு ஒலிக்கவிட்ட டியூக் ரீட், காக்சன் டாட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர், பின்னர்த் தாமே உள்ளூர்க் கலைஞரைக் கொண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டனர். 1962 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஜமேக்கா விடுதலை பெற்றது. புதிய நாட்டின் மகிழ்ச்சிக் குரலாக ஸ்கா ஒலித்தது.

ஆனால், ஊதுகருவிகளை வாசித்தவர் யாவர்? இங்கேதான் ஆசிரியராகிய நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கிங்ஸ்டன் நகரில் ‘ஆல்பா’ என்னும் ஆண்கள் பள்ளி ஒன்று இருந்தது. கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய அப்பள்ளியில், ஆதரவற்ற சிறுவரும் அடங்காதவர் என்று அனுப்பப்பட்ட சிறுவரும் பயின்றனர். தச்சும் தையலும்போல அங்கே இசையும் ஒரு தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. மேரி இக்னேஷியஸ் டேவிஸ் என்னும் கன்னியர் 2003இல் மறையும்வரை பல தலைமுறை மாணவரின் இசை ஆர்வத்தைப் பேணினார். 1964இல் தோன்றி, ஸ்காவின் தலையாய குழுவாக விளங்கிய ஸ்காட்டலைட்சில் டாமி மக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வர் இப்பள்ளியின் மாணவரே.

அவருள் டிராம்போன் வாசித்த டிரம்மண்டின் இசையைக் கேட்டவர் எவரும் ஸ்காவை ஆழமற்றது என்னார். கீழே தாளம் துள்ளும். மேலே அவர் ஊதும் மெட்டோ மனத்தைக் கனக்கச் செய்யும். அவர் 1969இல் மனநோய் மருத்துவமனையில் இறந்தார். மகிழ்ச்சி இசை என்று நாம் பெயரிட்டதனுள் எத்தனை துயரம் அடங்கியிருந்தது என்பதற்கு இவர் ஒருவரே போதிய சான்று.

கவென்ட்ரியில் இரண்டாம் பிறப்பு

1966 அளவில் ஜமேக்காவில் ஸ்காவின் நடை தளர்ந்து ‘ராக்ஸ்டெடி’ ஆயிற்று. பின்னர் ‘ரெகே’ ஆயிற்று. ஆனால், பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்ற ஜமேக்கா மக்கள் தம் இசைத்தட்டுகளையும் உடன் கொண்டு சென்றனர். அவற்றைக் கேட்டு வளர்ந்த வெள்ளை இளைஞரும் கறுப்பு இளைஞரும், 1976இல் லண்டனில் வெடித்த பங்க் இசையின் சினத்தை ஸ்காவோடு சேர்த்தனர். மோட்டார்த் தொழிலுக்குப் பேர்பெற்ற கவென்ட்ரி நகரில், 1979இல் ‘டூ டோன்’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை ஜெர்ரி டேமர்ஸ் தொடங்கினார். இவர் 1955இல் நம் தமிழகத்து உதகமண்டலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

டூ டோன் என்றால் இரு நிறம். கறுப்பு வெள்ளைக் கட்டங்களே அதன் சின்னம். டேமர்சின் குழுவாகிய ஸ்பெஷல்சில் எழுவர். ஐவர் வெள்ளையர், இருவர் ஜமேக்காவிற் பிறந்த கறுப்பர். நிறவெறிக் கட்சிகள் தெருவில் ஊர்வலம் போன காலத்தில், ஒரே மேடையில் இவர்கள் நின்றதே ஒரு சொற்பொழிவு எனலாம்.

மீட்டெடுத்தல் என்னும் செயலுக்கு இவர்கள் நல்லதோர் இலக்கணமும் வகுத்தனர். டேண்டி லிவிங்ஸ்டன் 1967இல் பாடிய ‘எ மெசேஜ் டு யூ ரூடி’ என்னும் பாடலை இவர்கள் 1979இல் மீண்டும் பாடினர். பழைய பாடலில் டிராம்போன் வாசித்த ரிக்கோ ரொட்ரிகஸ் என்பவரையே அழைத்துப் புதிய பாடலிலும் வாசிக்கச் செய்தனர். அவரும் ஆல்பா பள்ளியின் மாணவரே! மேட்னஸ் என்னும் குழுவோ, பிரின்ஸ் பஸ்டரின் பாடல் ஒன்றின் பெயரையே தன் பெயராகச் சூடியது. தன் முதல் இசைத்தட்டை அவரைப் போற்றியே வெளியிட்டது. முன்னோரை மறைத்துத் தம் பெயரை நாட்டியவர் அல்லர் இவர்.

1981 ஜூலையில் இங்கிலாந்தின் பல நகரங்களிற் கலவரம் மூண்டபோது, வேலையின்றி வெறிச்சோடிய ஊரைப் பற்றிய ஸ்பெஷல்சின் ‘கோஸ்ட் டவுன்’ விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. 1984இல் டேமர்ஸ், 1962 முதல் சிறையில் வாடிய நெல்சன் மண்டேலாவை விடுவிக்கக் கோரும் பாடலை இயற்றினார். அஃது ஒப்பாரியன்று, திருவிழாப் பாட்டு! கேட்டவர் ஆடினர், ஆடியவர் அப்பெயரை மனப்பாடம் செய்தனர். அழுது பாடியிருந்தால் சிலர் கேட்டிருப்பர். துள்ளிப் பாடியமையால் பலர் கேட்டனர். மண்டேலா 1990இல் விடுதலையானதற்குப் பாட்டே காரணம் என்று நான் கூறவில்லை. ஒரு சிறையாளியின் பெயரை அவரை அறியாத இளைஞரின் நாவில் ஏற்றியது அத்துள்ளல் ஓசை என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் ஏற்றமும் இறக்கமும்

மூன்றாம் அலை அமெரிக்காவில் எழுந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1987இல் ‘ஆபரேஷன் ஐவி’ என்னும் குழு தோன்றியது. 1952இல் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனையின் பெயரே இக்குழுவின் பெயர். இரண்டே ஆண்டுகள் நிலைத்து, ‘எனர்ஜி’ என்னும் ஒரே இசைத்தொகுப்பை 1989இல் தந்து மறைந்தது. எனினும் ஸ்கா பங்க் என்று நாம் இன்று வழங்கும் வடிவத்துக்கு இதுவே முன்மாதிரி.

இங்கு ஒரு நுட்பம் காண்க. ஸ்காவின் உயிர், எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள வெளியில் இருக்கிறது என்று முன்னர்க் கண்டோம். பங்கின் விரைவோ அவ்வெளியை விழுங்கவல்லது. விரைவு மிகுந்தால் ‘உம்’ ஒலிக்க இடமிராது. நல்ல குழுவினர் இதனை உணர்ந்து, பாட்டின் அடிகளை ஸ்கா நடையில் இடம்விட்டுப் பாடிப் பல்லவியில் மட்டும் பங்கின் முழக்கத்தை எழுப்பினர். அடக்கமும் வெடிப்பும் மாறி மாறி வருவதே இவ்வடிவத்தின் அழகு. அல்லாதார் எல்லாவற்றையும் விரைவாக்கி இரண்டையும் இழந்தனர்.

1995 முதல் 1997 வரை இவ்விசைக்கு விளைச்சற் காலம். ரேன்சிட், நோ டவுட், மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், ரீல் பிக் ஃபிஷ், லெஸ் தேன் ஜேக் முதலிய குழுக்களை நாடே அறிந்தது. ஆனால் விளைச்சலோடு பதரும் பெருகியது. பெருநிறுவனங்கள் ஒன்றைப்போல் ஒன்றைத் தேடின. கட்டம்போட்ட உடையும் கேலிப் பாட்டும் போதும் என்ற நிலை வந்தது. டூ டோனாரின் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒரு கொள்கையின் குறியாயிருந்தது; அதுவே இங்குச் சட்டைத் துணியின் வடிவமாகத் தேய்ந்தது. பாஸ்டோன்சைப் போன்ற சிலரிடம் பொருளும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நகைச்சுவை ஒன்றையே நம்பிய கலையை உலகம் விரைவில் நகைத்து ஒதுக்கும். 1990ஆம் ஆண்டுகள் முடிவதற்குள் அலை வடிந்தது.

வடிந்ததற்குப் பொருளியற் காரணமும் உண்டு. பங்க் குழுவுக்கு மூவரோ நால்வரோ போதும். ஸ்காவுக்கு ஊதுகருவியாளரும் சேர்ந்து எண்மர் வேண்டும். நால்வர் பங்கிடும் ஊதியத்தை எண்மர் பங்கிட்டால் எத்துணை நாள் தாங்கும்?

இன்றைய மறுமலர்ச்சி

அண்மை ஆண்டுகளில் நேர்ந்துள்ள மாற்றம் கருதத்தக்கது. 2018இல் இண்டரப்டர்ஸ் குழுவின் ‘ஷீஸ் கெரோசின்’ அமெரிக்க வானொலிகளிற் புகழ்பெற்றது. 2019இல் ஸ்பெஷல்சின் ‘என்கோர்’ இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. 2020இல் பேட் டைம் என்னும் சிறு நிறுவனம், நிறவெறிக்கு எதிராக உழைக்கும் அமைப்புகளுக்கு நிதி திரட்டப் பல குழுக்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. ‘ஸ்கா அகெயின்ஸ்ட் ரேசிசம்’ என்னும் அத்தொகுப்பின் பெயர், 1998இல் மைக் பார்க் என்பவர் முன்னின்று நடத்திய இசைப் பயணத்தின் பெயரே. ‘ஸ்கா டியூன் நெட்வொர்க்’ என்னும் பெயரில் ஜெர் என்னும் கறுப்பினக் கலைஞர், ஊதுகருவிகள் உட்படப் பலவற்றைத் தாமே வாசித்து, பிறர் பாடல்களை ஸ்காவாக மாற்றிக் காணொளிகளாக வழங்கி இளைஞரை ஈர்த்தார். 2022இல் ‘பாதர்ட் / அன்பாதர்ட்’ என்னும் சொந்தப் பாடல்தொகுப்பையும் தந்தார்.

இவர்களுள் சிறந்தாரிடம் நான் காணும் சிறப்பு யாதெனில், இவர்கள் 1997ஆம் ஆண்டை மீட்க முயலவில்லை. அதற்கும் பின் சென்று, ஓசையோடு அதன் காரணத்தையும் மீட்கின்றனர் என்பதே. இவ்விசை கறுப்பர் ஈன்றது என்பதை உரக்கச் சொல்கின்றனர். மகிழ்ச்சியை மறதிக்கு மருந்தாக்காமல் ஒன்றுகூடலுக்கு அழைப்பாக்குகின்றனர். குறை இல்லாமலில்லை. ‘எங்கள் இசையை இகழாதீர்’ என்று தம்மைப் பற்றியே பேசும் பழக்கம் சிலரை இன்னும் விட்டபாடில்லை. காக்கத்தக்க கலை தன்னைப் பற்றி மட்டும் பாடிக்கொண்டிராது. உலகைப் பற்றிப் பாடும்.

இனி, நாம் பெற வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கிங்ஸ்டனின் டிராம்போனை ஈன்றது ஒரு பள்ளி. கலிபோர்னியாவிலும் பிறவிடங்களிலும் இக்குழுக்களில் ஊதியோர் பலர் உயர்நிலைப் பள்ளிகளின் இசையணிகளில் ஊதப் பழகியவரே. பள்ளியில் இசை இருந்த இடத்தில் ஸ்கா முளைத்தது. ஆல்பாவின் விடுதி 2014இல் மூடப்பட்ட பின்னும் இசைப் பயிற்சி நிற்கவில்லை. நம் பள்ளிகளிலோ தேர்வு நெருங்கினால் முதலிற் பறிபோவது இசைப் பாடவேளை. அடுத்துப் போவது உடற்கல்வி. கணக்கில் பின்தங்கிய மாணவனுக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கூடுதற் கணக்குக்குக் கொடுக்கிறோம். அவன் கணக்கில் தேறாமலும் போகலாம். பறை கொட்டும் கையை, பாடும் குரலை அவன் இழப்பதோ உறுதி. ஆல்பாவுக்கு அனுப்பப்பட்ட சிறுவரைத் தேர்வுத்தாள் கொண்டு அளந்திருந்தால், உலகம் அவர்களில் ஒருவர் பெயரையும் அறிந்திராது.

தமிழாசிரியர்களே! உங்கள் மாணவர் இவ்விசையைக் கேட்டு மேசையைத் தட்டினால் கடிந்து நிறுத்துமுன், எந்த இடத்தில் தட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எண்ணின்மேல் தட்டுகிறார்களா, ‘உம்’மின்மேல் தட்டுகிறார்களா? அங்கிருந்து தாளத்துக்குச் செல்லலாம். தாளத்திலிருந்து துள்ளல் ஓசைக்கும், துள்ளல் ஓசையிலிருந்து கலிப்பாவுக்கும் செல்லலாம். கடினம் என்று மாணவர் அஞ்சும் யாப்பிலக்கணத்துக்கு இதனினும் எளிய வாயில் எனக்குத் தெரியவில்லை.