பனி தாண்டும் மல்லி

பூத்திருக்கும் மல்லிகையைப் பார்க்கத் தனிக் கண் தேவையில்லை. மணமே ஆளைக் கூப்பிட்டுவிடும். செடியின் கட்டமைப்பும் அதை வளர்த்தவரின் கைத்திறனும் முழுதாகத் தெரிவது மார்கழியின் முதல் நாட்களில்தான். அப்போது இலை இருக்காது, அரும்பு இருக்காது. முழங்கால் உயரத்தில் சாம்பல் நிறக் குச்சிகள் மட்டும் நிற்கும். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் வாசலோரத்திலும் கொல்லைப்புறத்திலும் இப்படி நிற்கும் செடியைக் கண்டு, பட்டுப்போய்விட்டது என்று நினைப்பவர் உண்டு. பழகியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பார். வெட்டு எந்தக் கணுவின் மேல் விழுந்திருக்கிறது, எந்தக் கொப்பை விட்டிருக்கிறார்கள், எதைத் தூரோடு எடுத்திருக்கிறார்கள் என்று அவருடைய கண் போகும். கவாத்து என்ற கலையை ரசிக்க அதுவே சரியான நேரம். செய்தவரின் எண்ணம் குச்சியில் எழுதியிருக்கும். அது பூவாக வெளியே வர மூன்று மாதம் ஆகும்.

நம் ஊர்க் குளிர்காலத்தில் பனிக்கட்டி விழுவதில்லை. அடைமழை ஓய்ந்ததும் பகல் சுருங்கும், இரவு நீளும், விடியலில் ஓட்டு முனையிலிருந்து பனி சொட்டும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டைத் தலையில் சுற்றினால் போதும், நமக்கு அந்தக் குளிர் தீர்ந்துவிடும். வெயிலைக் குடித்து வளர்கிற குண்டுமல்லிக்கு அதுவே கடுங்குளிர். புதுத் தளிர் ஓட்டம் மந்தமாகிறது. அரும்பு வைப்பது நின்றுபோகிறது. தப்பித் தவறி வந்த மொக்கும் சிறுத்து, பனியில் செம்பழுப்பாகிக் கருகுகிறது. பொங்கலை ஒட்டி மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ 2000 ரூபாயைத் தாண்டி விலை ஏறுவதற்கு இதுதான் காரணம். பண்டிகையும் முகூர்த்தமும் பூவைக் கேட்கும் நேரத்தில் செடி வேறு வேலையில் இருக்கிறது.

அந்த வேறு வேலையைச் செடிக்கு வகுத்துக் கொடுப்பதுதான் கவாத்து. எப்படியும் பூக்காத இரண்டு மூன்று மாதங்களைப் பழைய கொப்புகளைச் சுமப்பதில் கழிக்க விடாமல், புதுக் கொப்பு கட்டுவதில் செலவழிக்க வைக்கிறோம். மல்லிகை பூப்பது அந்தப் பருவத்தில் வந்த புதுத் தளிரின் நுனியிலும் பக்கத்திலும். போன வருஷத்து முற்றிய குச்சி, தன்மேல் புதுக் குச்சி கிளம்பினாலொழியப் பூ தராது. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும், கார்த்திகை பாதியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒரே கணக்கு. முல்லைக்கும் பிச்சிக்கும் முறை பின்னால் வருகிறது. அவற்றை ஜனவரிக் கடைசியில் 45 சென்டிமீட்டருக்கு வெட்டுவார்கள்.

நாரணாபுரம் பக்கத்தில் கார்த்திகைக்கு இன்னொரு வசதியும் உண்டு. தீபாவளிவரை மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிய பட்டாசு ஆலைகள் பண்டிகை முடிந்ததும் கொஞ்ச நாள் ஓய்கின்றன. வருஷம் முழுக்க விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிப் பொழுது சாய வீடு திரும்புகிறவர்களுக்குத் தங்கள் வீட்டுச் செடியை உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கிற நாட்கள் அவை. இந்த மண்ணின் வறட்சியும் காய்ந்த வெயிலும்தான் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலை இங்கே வேரூன்ற வைத்தன, பிறகு பட்டாசையும். மருந்தையும் திரியையும் உலர்த்துகிற அந்த வெயில்தான் பங்குனியில் மல்லிகையையும் பூக்க வைக்கிறது. மழை குறைந்த ஊரில் பூச்செடி எதற்கு என்று கேட்பவர்கள் மல்லிகையை அறியாதவர்கள். அதற்கு வேண்டியது அளவான தண்ணீரும், அளவில்லாத வெயிலும், காலில் தேங்காத மண்ணும்.

அந்த மூன்றாவதுதான் இங்கே சிக்கல். கரிசல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மல்லிகை வேர் அதில் மூச்சுத் திணறும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் குழியை அகலமாக எடுத்து, செம்மண்ணும் மணலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து நிரப்பிய பிறகே நாற்றை வைக்கிறார்கள். நாற்று பெரும்பாலும் ராமநாதபுரம் சீமையிலிருந்து வரும். தங்கச்சிமடம் பக்கத்து மணலில் பதியம் போட்டு வேர் பிடிக்க வைத்த மல்லிகைக் குச்சிகள் தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் அந்த மணல்தான் தாய்வீடு.

இனி வெட்டுக்கு வருவோம். நல்ல கை எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, செடியைக் கொஞ்சம் வாட விட்டிருப்பார்கள். மழை மூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, முதலில் கத்தரியைத் தொடாமல் செடியை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். அந்தச் சுற்றிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற குச்சி, நடுவுக்குள் திரும்பி வளர்ந்த குச்சி என்று வெளியேற்ற வேண்டியவற்றைக் கண் முதலில் பிரித்துவிடும். அவை அடியோடு போன பிறகுதான் உயரத்தைக் குறைக்கும் வேலை. மட்டம் பார்த்து வேலியை நறுக்குகிற மாதிரி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் நறுக்கியிருந்தால் செய்தவருக்கு அவசரம் என்று அர்த்தம். நல்ல கவாத்தில் ஓரக் கொப்புகள் ஒரு விரல்கடை தாழ்ந்தும் நடுவில் இருப்பவை கொஞ்சம் உயர்ந்தும் நிற்கும். செடியின் நடு வெளிச்சம் புகும்படி திறந்திருக்கும்.

மல்லிகைக் குச்சியில் கணுக்கள் பெரும்பாலும் எதிரெதிராக இலை விடுபவை. ஒவ்வொரு இலைக் காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தளிர் கிளம்பும். ஒரு குச்சி இரண்டாகும். கணுவை விட்டு வெகுதூரம் மேலே வெட்டினால் மீதித் துண்டு காய்ந்து, பூஞ்சணம் நுழைய வழி செய்யும். கணுவை ஒட்டி வெட்டினாலோ மொட்டே நசுங்கிப்போகும். நுனி இருக்கும்வரை அங்கிருந்து கீழே இறங்குகிற ஆக்சின் என்ற ஊக்கி பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன. எந்த மொட்டை எழுப்புவது, எந்தத் திசையில் எழுப்புவது என்று முடிவு செய்வது வெட்டுகிறவரின் கை. பழைய செடியில் பெருவிரல் பருமன் கொப்பை எடுத்தால் காயத்தில் சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்புவதும், தோட்டக்காரர்கள் காப்பர் மருந்தைப் பசையாகத் தடவுவதும் பார்த்திருக்கிறேன். கத்தி மழுங்கியிருந்தால் குச்சி பிளந்து, நார் நாராக நிற்கும். அப்படி ஒரு செடியைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

வெட்டிய பிறகு வருவதுதான் கலையின் கடினமான பகுதி: காத்திருப்பது. பனி இல்லாத மாதத்தில் வெட்டினால் சீக்கிரம் தளிர்க்கிற செடி, மார்கழியில் நாள் கணக்கில் ஒன்றும் செய்யாமல் நிற்கும். அங்கங்கே மிளகளவு பச்சை எட்டிப் பார்த்து, அப்படியே தங்கிவிடும். பக்கத்து வீட்டிலிருந்து, “என்ன மதினி, செடி பட்டுப்போச்சா?” என்று கேள்வி வரும். “இல்ல தாயி, உள்ள பச்சையாத்தான் இருக்கு. மாசி பொறக்கட்டும்” என்று பதில் போகும். உள்ளே பச்சை என்று தெரிவது நகத்தால். பட்டையை இலேசாகக் கீறினால் அடியில் ஈரமான பச்சை தெரியவேண்டும். பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்தக் கொப்பு போய்விட்டது. நுனியில் பழுப்பாக இருந்தாலும் ஒரு சாண் கீழே பச்சை இருக்கலாம், அதனால் மேலிருந்து கீழாகக் கீறிக்கொண்டே வரவேண்டும். கொப்பு முழுக்கப் போயிருந்தாலும் தூரைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது.

அந்தத் தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. இலை எல்லாம் போன செடிக்குச் சமையலறை இல்லை. வேரிலும் தூரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கரைத்துத்தான் முதல் தளிர் வரவேண்டும். குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாகவே உறிஞ்சும். இவை போக, காயம்பட்ட செடி தன் உடம்புக்குள் ஜாஸ்மோனேட் என்ற பொருளைச் சுரக்கிறது. வளர்ச்சியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தி, தற்காப்புக்குச் சத்தைத் திருப்பி விடுகிற பொருள் அது. எல்லாச் செடிகளும் சுரக்கும் அந்தக் குடும்பத்துக்கு மல்லிகையின் பெயர் வந்ததற்குக் காரணம், அதன் ஒரு வகையை 1962இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது பிச்சிப்பூவின் வாசனை எண்ணெயிலிருந்து என்பதே. வாசனையாக நாம் முகர்வதில் ஒரு பங்கு, செடிக்குள் காயத்தின் செய்தியாக ஓடுகிறது. கவாத்து செய்த செடி சும்மா நிற்பதாகத் தோன்றும் நாட்களில் அதற்குள் இவ்வளவும் நடக்கிறது.

இந்த நாட்களில் பொறுமை இழப்பவர்கள்தான் செடியைக் கெடுக்கிறார்கள். பனியில் நிற்கும் செடிக்குக் குடம் குடமாக ஊற்றினால் கரிசல் சேறாகி வேர் அழுகும். யூரியாவை அள்ளிப் போட்டால் சதசதவென்று நீண்ட தளிர் வரும், அதில் இலைதான் இருக்கும், பூ இருக்காது. பூச்சி வேறு முதலில் அங்கே வந்து உட்காரும். வெட்டியதும் நன்றாக மக்கிய தொழு உரம் செடிக்கு 10 கிலோ வைத்து மண்ணைக் கொத்திவிட்டால் அந்தப் பருவத்துக்குப் போதும். வேதி உரம் போடுகிறவர்களும் வருஷத்து அளவை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒன்று, ஆனி ஆடியில் ஒன்று என்றுதான் தருகிறார்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நம் மண்ணிலும் ஆழ்துளைக் கிணற்று உவர் தண்ணீரிலும் இன்னொரு தொல்லை வரும். தளிர் வந்துவிடும், ஆனால் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பனி இன்னும் விடவில்லை என்று சொல்லிக் காத்திருந்தால் அது தானாகச் சரியாகாது. இரும்புச் சத்துக் குறைவு அது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். எது காத்திருக்க வேண்டிய தாமதம், எது கைவைக்க வேண்டிய தாமதம் என்று பிரித்தறிவதில்தான் வளர்ப்பவரின் தேர்ச்சி இருக்கிறது.

பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், பூச்செடி வளர்த்த ஒருவரையும் அவர் மகளையும் தெய்வமாகக் கொண்டாடுகிற ஊர். பெரியாழ்வாரின் வேலை நந்தவனம் பேணி மாலை கட்டுவது. ஆண்டாள் கிடைத்தது துளசிச் செடியின் அடியில் என்பது நம்பிக்கை. அவள் நோன்பு நோற்றது மார்கழியில், மல்லிகை ஓய்ந்திருக்கும் மாதத்தில். நந்தவனம் வைப்பவருக்கு இது பெரிய பாடம்: எந்தச் செடி எப்போது ஓயும் என்று தெரிந்தால்தான் வருஷம் முழுக்க மாலை அறாது. பகல் குறுகும்போது பூக்கிற செவ்வந்தி இருக்கிறது, துளசியும் மரிக்கொழுந்தும் இருக்கின்றன. மல்லிகையை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம்.

இங்கே வெறும் பனியோடு முடிகிற குளிர், மேலே உதகையில் உறைபனியாகவே விழுகிறது. 1848இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டி வந்து, பூச்செடிகள்மேல் போர்த்தி வைக்கிறார்கள். தேயிலைச் சரிவுகளில் ஒரே இரவில் கொழுந்து கருகிவிடும். கடல் கடந்தால் இன்னும் கடுமை. 2021 பிப்ரவரியில் ஹூஸ்டனில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி போனபோது, வெப்பநாட்டுச் செடிகள் வீட்டுக்கு வீடு தரைமட்டம்வரை கருகின. உடனே பிடுங்கி எறிந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கருகியதை அப்படியே விட்டுவைத்த சிலருக்கு, கோடை பிறந்ததும் வேரிலிருந்து துளிர் வந்தது. நகத்தால் கீறிப் பார்க்கும் வழக்கம் அங்கேயும் உண்டு.

மாசி கடந்து வெயில் ஏறியதும் நாரணாபுரத்துச் செடிகள் அடையாளம் தெரியாமல் மாறிவிடுகின்றன. அரும்புகள் மூன்று மூன்றாகக் கொத்து வைக்கும். நடு மொக்கு முதலில் முற்றும். சரியாக வெட்டிய செடியை அப்போது தனியாகக் காட்டிவிடலாம். வெளிச்சம் உள்ளே போனதால் ஓரத்தில் மட்டும் பூக்காமல் நடுவிலும் பூத்திருக்கும். காம்பு நீண்டிருக்கும், அதனால் நாரில் கட்டும்போது முடிச்சு வழுக்காது. மொக்கு பருத்து, விடியலில் பறித்தது பொழுது சாயும்வரை இதழ் விரியாமல் தாங்கும். வெட்டாமல் விட்ட செடியும் பூக்கத்தான் செய்கிறது, உச்சியில் நாலு சிறு மொக்காக.

புரட்டாசியிலேயே வெட்டி, பனிக்காலத்தில் பூ எடுக்கிற முயற்சிகளும் உண்டு. விலைக்காகச் செய்கிற விவசாயியின் நியாயம் எனக்குப் புரிகிறது. வீட்டுச் செடிக்கு அதை நான் சொல்லமாட்டேன். சித்திரையில் முதல் ஓட்டம் ஓய்ந்ததும் பூத்து முடிந்த நுனிகளை இரண்டு கணு விட்டுக் கிள்ளி, ஒரு தண்ணீர் கட்டினால் அடுத்த ஓட்டத்துக்கு அது தயாராகும். பெரிய வெட்டு கார்த்திகைக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷமான செடியாக இருந்தால் ஒரே வருஷத்தில் எல்லாக் கிழட்டுக் கொப்பையும் எடுத்துவிடாமல், மூன்றில் ஒன்றாகத் தூரோடு எடுத்து, மூன்று கார்த்திகையில் அதைப் புதுச் செடியாக்கலாம்.