டொஸ் என்னும் சிக்கனம்

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான கல்லூரி 1991இல் தொடங்கியபோது, மேசைக் கணினிகள் பெரும்பாலும் டொஸ் என்னும் இயங்குதளத்தில்தான் ஓடின. இன்று கணினி படிக்கும் வன்னிப் பிள்ளைகளும் அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இயங்குதளம் ஒன்றின் உள்வேலை இவ்வளவு வெளிச்சமாகத் தெரிவது அபூர்வம்.

சியாட்டிலில் டிம் பாட்டர்சன் என்னும் நிரலாளர் எழுதிய டொஸ்ஸை மைக்ரோசொஃப்ட் வாங்கி, 1981இல் ஐபிஎம் கணினிக்குக் கொடுத்தது. கணினியைப் போட்டதும் டிஸ்க்கின் முதல் 512 பைட் வாசிக்கப்படும். அந்தத் துணுக்கு மற்றக் கோப்புகளை ஏற்றிவிடும். பிறகு கறுப்புத் திரையில் சிறு கோடொன்று மினுங்கிக்கொண்டு கட்டளைக்குக் காத்திருக்கும்.

ஒரு கோப்பை அழித்துப் பாருங்கள். டொஸ் உள்ளடக்கத்தைத் தொடாது. பெயரின் முதல் எழுத்தை மாற்றி, இடம் காலி என்று அட்டவணையில் குறித்துவிடும், அவ்வளவுதான். 1991இல் வந்த ஐந்தாம் பதிப்பின் 'அன்டிலீட்' கட்டளை, அந்த முதலெழுத்தை நம்மிடமே கேட்டு, உள்ளடக்கத்தின்மேல் வேறெதுவும் எழுதப்படாதிருந்தால் கோப்பை மீட்டுத் தரும். எவ்வளவு எளிமை, எவ்வளவு புத்தி!

முற்காலப் பதிப்புகள் இரண்டின் மூலநிரலை மைக்ரோசொஃப்ட் 2018இல் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பழைய மடிக்கணினி போதும். வரி வரியாக வாசித்துப் படிக்கலாம்.