எது சுலபம்?

மெக்கின்டாஷ் சுலபமா, விண்டோஸ் சுலபமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் முதலில் பழகியது எது? அந்தப் பதிலோடு அவர்களுடைய தீர்ப்பும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. அஞ்சறைப்பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரியைக் கேட்டால், யோசிக்காமல் கையை நீட்டுவாள். அதனால் அந்தப் பெட்டி உத்தமமான பெட்டி என்று ஆகிவிடாது.

மெக்கின்டாஷ் பக்தர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தங்கள் யந்திரம் இயல்பிலேயே எளியது என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. 1984-ல் அது வந்தபோது, மற்ற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டச்சு செய்தாக வேண்டும். மெக்கின்டாஷோ படங்களைக் காட்டி, மௌஸால் தொட்டால் போதும் என்றது. மெனுவை எப்போதும் திரையின் மேல் விளிம்பில் வைத்தார்கள். மௌஸை எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் விளிம்பைத் தாண்டிப் போகாது, குறி தப்பாது. குறி பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவில் எட்டும் என்று பால் ஃபிட்ஸ் என்ற மனோதத்துவ நிபுணர் 1954-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். இது வெறும் பழக்கமல்ல, நிஜமான சௌகரியம்.

ஆனால் அதே யந்திரத்தில் பிளாப்பியை வெளியே எடுக்க, அதன் படத்தை இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட வேண்டும்! எழுதி வைத்ததைப் போட்டால் ஒழிந்தது. பிளாப்பியைப் போட்டால் பத்திரமாக வெளியே வரும். முதல் தடவை போடுகிறவருக்கு நெஞ்சு பதறாதா? இதையும் சுலபம் என்றே பக்தர்கள் சாதித்தார்கள். விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1995 முதல் பல வருஷங்கள், கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கு அவர்கள் அமுக்கியது 'ஸ்டார்ட்' என்ற பொத்தானைத்தான்.

அபத்தமாகவே இருக்கட்டும், கை பழகிவிட்ட வழி உபயோகிப்பவரின் சொத்து என்பது என் கட்சி. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோஸாப்ட் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டது. விரலால் தொடும் திரைகளை மனத்தில் வைத்து, முகப்பு முழுவதும் பெரிய பெரிய கட்டங்களை அடுக்கியது. மௌஸோடு உட்கார்ந்திருந்தவர், கம்ப்யூட்டரை நிறுத்த வலது மூலைக்குப் போய் மறைந்திருக்கும் ஒரு பட்டையை வரவழைக்க வேண்டும். அங்கே அப்படி ஒன்று உண்டு என்பதற்குத் திரையில் அடையாளமே கிடையாது. மறு வருஷமே பொத்தான் திரும்பியது. 2015-ல் விண்டோஸ் 10-ல் மெனுவும் திரும்பியது.

இத்தனைக்கும் விண்டோஸ் 8 முன்னதைவிடச் சுறுசுறுப்பாகத்தான் தொடங்கிற்று. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல், மகனிடம் திட்டு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பழகிய ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் காலையில் பொத்தானைக் காணோம். அவர் யந்திரத்தைக் குறை சொல்வாரா? "எனக்கு வயதாகிவிட்டது, புத்தி மழுங்கிவிட்டது" என்று தன்னையே நொந்துகொள்வார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒப்பிட்டு மதிப்பெண் போடும் விமர்சகர்கள் இந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

லினக்ஸில் இதற்கு ஒரு வழி உண்டு. 2011-ல் க்னோம் என்ற முகப்பு அடியோடு மாறியபோது, பிடிக்காதவர்கள் பழைய நிரலை எடுத்து 'மாத்தே' என்று பெயர் சூட்டித் தாங்களே வளர்த்தார்கள். குமாஸ்தாவும் அதை வைத்துக்கொள்ளலாம். யாரும் பறிக்க மாட்டார்கள். என்ன, அதைப் போட்டுக் கொடுக்க மறுபடியும் மகன்தான் வர வேண்டும்.