பூவில் தொடங்கும் பட்டினி

மாசி மாதத்தின் கடைசி ஞாயிறு. சமயபுரத்து மாரியம்மனுக்குப் பூச்சொரியல். திருச்சியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் மேளதாளத்தோடு கூடை கூடையாகப் பூ வந்து இறங்குகிறது. கூட்டத்தை மறந்துவிட்டு, தலைமேல் வரும் தட்டு ஒன்றை மட்டும் பாருங்கள். மல்லிகையின் வெண்மைக்கு நடுவே செவ்வரளி. ஓரத்தில் மஞ்சள் சாமந்தி. இடுக்கிலெல்லாம் மரிக்கொழுந்தின் பசுமை. வீட்டில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து அடுக்கிய அழகு அது. சந்நிதிக்குப் போனதும் அத்தனையும் ஒரே குவியலில் கலந்துவிடும். தெரிந்தேதான் இவ்வளவு நேர்த்தி!

அதிலும் உதிரிப்பூவின் எழில் தனி. தொடுத்த பூ அணியாகிவிடுகிறது. அள்ளிச் சொரிந்த பூவோ மழையாகிவிடுகிறது. இங்கே மூலவர் சுதைத் திருமேனி. அபிஷேகமெல்லாம் உற்சவ அம்மனுக்குத்தான். நீர் படாத அந்தச் செம்மேனிக்கு, வெயில் ஏறத் தொடங்கும் பருவத்தில், பூவே குளிர்ச்சியாக இறங்குகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இத்தனை கோலாகலமும் எதற்கு முன்னோட்டம் தெரியுமா? பட்டினிக்கு! பக்தர்களுக்காக அம்மனே இருக்கும் பச்சைப் பட்டினி விரதம் இன்றுதான் தொடங்குகிறது. பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் தளிகை கிடையாது. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு போன்றவைதான். பிள்ளைக்கு உடம்பு சுகமில்லை என்றால் தாய்க்குச் சோறு இறங்குமா? அந்த வாஞ்சையை ஒரு கோயிலின் நடைமுறையாகவே ஆக்கி வைத்தவர்களின் மனநயத்தை என்னவென்று சொல்வது! மஞ்சள் உடுத்திக் கூடவே விரதம் இருக்கும் பெண்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

துள்ளுமாவைக் கொஞ்சம் உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். ஊறிய பச்சரிசியை இடித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தது, அடுப்பைப் பார்க்காதது. விரலில் பொலபொலவென்று உதிரும், ஆனாலும் உள்ளே மெல்லிய ஈரம். வெல்லத் துகள் முதலில் கரைய, அரிசியின் பச்சை மணம் பின்னால் வந்து நாவில் தங்கும். எந்தப் பொங்கலுக்கும் இந்த நளினம் இல்லை என்பேன். சர்க்கரைப் பொங்கல் பிரியர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.