கடல் கடந்து மீண்ட பாட்டு

ஒரு மக்களிடையே பிறந்த பாட்டு, கடல் கடந்து சென்று வேற்றார் நாவில் பயின்று, பின்னர்ப் பிறந்த மண்ணுக்கே மீள்வதுண்டு. அவ்வாறு மீண்ட பாட்டைத் திறனாய்வாளர் எங்ஙனம் மதித்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். ஆங்கில நாட்டு ராக் இசைக்குழுக்கள் அமெரிக்க இளைஞரிடையே விளைத்த மாற்றத்தையும், சென்னைக் கானாப்பாட்டு அண்மையில் எய்திய புதுவாழ்வையும் ஒருங்குவைத்துக் காண்பாம்.

1964 பிப்ரவரி 9 ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினர். ஏறத்தாழ 7.3 கோடி மக்கள் அதனைக் கண்டனர் என்பர். அதன்பின் அமெரிக்க இளைஞர் பலர் முடி வளர்த்தனர், கிதார் பயின்றனர், வீட்டுக் கார்க்கொட்டில்களில் கூடிக் குழு அமைத்தனர். இதனை ‘ஆங்கிலேயர் படையெடுப்பு’ என வழங்கினர். எனினும் அவ்விசையின் வேர் ஆங்கில மண்ணில் இல்லை. சக் பெரி, மடி வாட்டர்ஸ் முதலிய அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் படைத்த இசையே இசைத்தட்டு வழியாக லிவர்பூலுக்கும் லண்டனுக்கும் சென்றது. நிறவேற்றுமை நிலவிய நாட்டில், தம் ஊர்ப் பாட்டை வெள்ளை இளைஞர் பலர் அயலார் வாயிலாகவே முதற்கண் கேட்டனர்.

பெற்ற கடனை ஆங்கிலக் குழுக்கள் ஒரே வகையாகப் போற்றவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பெயரே மடி வாட்டர்ஸ் பாட்டொன்றிலிருந்து கொண்டது. 1965இல் ‘ஷிண்டிக்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அக்குழுவினர் ஹவுலின் வுல்ஃபை வருவித்து, அவர் பாடுங்கால் அவரடியில் அமர்ந்து கேட்டனர். லெட் செப்பெலின் குழுவோ, 1969இல் வெளியிட்ட பாட்டொன்றில் வில்லி டிக்சனின் பாட்டுச் சொற்களை அவர் பெயர் சுட்டாது எடுத்தாண்டது. 1985இல் அவர் வழக்குத் தொடுத்து, அஃது இணக்கமாக முடிந்த பின்னரே அவர் பெயர் இடம்பெற்றது. முன்னது நன்றியறிதல், பின்னது மறைத்தல்.

தமிழ் மரபு இதற்கு ஓர் அளவுகோல் தருகின்றது. தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டினுள் புதிதாகப் புனைவதனை ‘விருந்து’ என்றும், சேரிமொழியால் எளிதிற் பொருள் விளங்க அமைவதனைப் ‘புலன்’ என்றும் வகுத்தார். புதுமையும் மக்கள் மொழியும் இலக்கண நூலுள்ளேயே இடம்பெற்றன. இளங்கோவடிகளும் மக்கள் ஆடிப்பாடிய குரவையையும் வரியையும் காப்பியத்துள் ஏற்றார். ஏற்றவிடத்தும் ‘ஆய்ச்சியர் குரவை’, ‘வேட்டுவ வரி’ எனப் பாடினார் பெயரைக் காதைக்கே சூட்டினார்.

இனிக் கானாவைக் காண்போம். வடசென்னை உழைக்கும் மக்களிடையே சாவு வீட்டிலும் தெருவிலும் வளர்ந்த இப்பாட்டு, சேரிமொழியால் இயன்ற ‘புலன்’ எனத் தகும். 2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் தோற்றுவித்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 சனவரியில் சென்னையில் முதன்முறையாக அரங்கேறியது. அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லாட்சியைத் தழுவியது. பறையும் சட்டியும் கிதாரொடு கூடின. கானா ராக், ராப் ஆகியவற்றொடு கலந்தது. இக்கலப்பால் கானா தன் இயல்பு இழந்தது என்பார் உளர். அவர் கூற்று பொருந்தாது. சொல்லும் பொருளும் பாடுவார் வாழ்விலிருந்தே பிறக்குமாயின், புதுக்கருவி ‘விருந்து’ ஆகுமன்றிக் கேடாகாது. மேலும், அமெரிக்காவில் அயலார் சுமந்து வந்ததனை ஈண்டுக் கானாக் கலைஞரே மேடையேறிப் பாடினர். இசைவாணி முதலியோர் பெயர் பாட்டொடு நின்றது. இதுவே இரண்டற்கும் உள்ள தலையாய வேறுபாடு.

ஆயினும் நம் சுற்றுப்புறத்தில் குறை தீர்ந்திலது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டியில் மாணவர் பெட்டிச்சுவரையே பறையாகத் தட்டிக் கானா பாடுதலைப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வாழ்வோர் நன்கறிவர். அம்மாணவருள் பீட்டில்ஸ் நால்வர் பெயரையும் சொல்ல வல்லார் உளர்; தாம் பாடும் கானாவைக் கட்டியவர் யார் என வினவின் விடை கூறுவார் அரியர். பாட்டு வாழ்ந்து பாடியவர் மறைதல் வில்லி டிக்சனுக்கு நேர்ந்ததனினும் கொடிது. பெயரே எழுதிவைக்கப்படாதார்க்கு வழக்குத் தொடுக்கும் வழியும் இல்லையன்றோ?

ஆதலின், மீண்ட பாட்டைத் ‘தன்னாட்டதா, அயல்நாட்டதா’ என ஆராய்வதோடு திறனாய்வு அமைதல் கூடாது. ‘இஃது எவர் குரல்? அவர் பெயர் நின்றதா?’ என்பதே முதல் வினாவாதல் வேண்டும். கானாவைத் தொகுக்கப் புகும் ஆய்வு மாணவர் ஒவ்வொரு பாட்டொடும் கட்டியவர், பாடியவர், பாடிய இடம், பாடிய சூழல் ஆகிய நான்கையும் குறித்தல் கடன். இளங்கோவடிகள் ஆய்ச்சியர்க்குச் செய்த சிறப்பை நாம் கானாப் பாடகர்க்கும் செய்தல் முறையாகும்.